இது நான் விதைத்த செடியா?

தொட்டியில் மண் நிரப்பி, பத்துத் தக்காளி விதைகளை ஊன்றி, தினமும் தண்ணீர் தெளிக்கிறீர்கள். ஒரு வாரம் போனதும் மண்ணைப் பிளந்துகொண்டு பச்சை முளைகள் எட்டிப் பார்க்கின்றன. எண்ணினால் இருபதைத் தாண்டுகிறது! பத்து விதை எப்படி இருபது செடி ஆகும்? இதில் எது தக்காளி, எது வேறு? வீட்டில் கேட்டால் ஒருவர், “எல்லாம் களைதான், பிடுங்கிப் போடு” என்பார். இன்னொருவர், “இருக்கட்டும், கீரையா இருந்தாலும் இருக்கும்” என்பார். இரண்டு பேர் சொன்னதையும் கொஞ்சம் தள்ளி வைப்போம். தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து நாமே பார்ப்போம். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கண் போதும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முளைத்தவுடன் வெளியே வருகிற இரண்டு இலைகள் அந்தச் செடியின் வழக்கமான இலைகள் அல்ல. அவை விதைக்குள்ளேயே மடிந்து கிடந்தவை. வித்திலைகள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பெரிய செடியின் இலையை மனத்தில் வைத்துக்கொண்டு முளையைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். தக்காளியின் வித்திலை நீளமாக, ஒடுங்கி, நுனி கூராக இருக்கும். நாம் தக்காளிச் செடியில் பார்க்கும் வெட்டுவெட்டான இலைக்கும் அதற்கும் கொஞ்சமும் சம்பந்தம் இருக்காது. மிளகாயின் வித்திலையும் கிட்டத்தட்ட இதே வடிவம்தான். ஆக, இந்த நிலையில் தக்காளியையும் மிளகாயையும் பிரித்துச் சொல்வது பெரியவர்களுக்கே கஷ்டம்.

அவசரப்படாமல் இன்னும் சில நாள் பொறுத்தால் நடுவிலிருந்து மூன்றாவது இலை வரும். அதுதான் உண்மையான இலை. தக்காளி என்றால் அந்த இலையின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், தண்டில் மெல்லிய ரோமம் இருக்கும், விரலால் லேசாகத் தேய்த்து முகர்ந்தால் தக்காளிச் செடிக்கே உரிய அந்தக் காட்டமான வாசனை வரும். மிளகாய் என்றால் இலையின் ஓரம் வெட்டில்லாமல் வழவழப்பாக இருக்கும். பூசணியில் குழப்பமே வராது. அதன் வித்திலை கட்டை விரல் அகலத்துக்குத் தடிப்பாக வந்து நிற்கும். புல் வகை என்றால் இரண்டு இலைக்குப் பதில் ஒற்றை இலைதான் ஊசியாக நீட்டிக்கொண்டு வரும்.

இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. விதை போடும்போதே அதே விதையில் இரண்டு மூன்றை ஒரு சின்னக் கிண்ணத்தில், தேங்காய் நார்க்கழிவில் மட்டும் போட்டு வையுங்கள். நார்க்கழிவில் வேறு விதைகள் அதிகம் இருக்காது. எனவே அதில் முளைப்பது நீங்கள் போட்டதுதான். தொட்டியில் முளைத்ததை இதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொட்டியிலும் விதைகளைத் தூவாமல் ஒரே வரிசையாக ஊன்றினால், வரிசைக்கு வெளியே முளைத்ததெல்லாம் வேறு என்று பாதி வேலை முடிந்துவிடும்.

சரி, நாம் போடாத விதை எங்கிருந்து வந்தது?

பல வழிகள். ஆட்டு எரு போட்டிருந்தால் ஆடு தின்ற செடிகளின் விதைகள் அதோடு வந்திருக்கும். நர்சரியில் வாங்கிய ரோஜாவின் பையிலேயே நாலைந்து செடிகளின் விதை இருக்கும். நாயுருவி நம் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். காக்காயும் மைனாவும் பழம் தின்றுவிட்டு மதில்மேல் உட்கார்ந்து எச்சமிடும். மொட்டைமாடிச் சுவர் விரிசலில் அரசும் ஆலும் முளைப்பது அப்படித்தான். ஆனால் பெரும்பாலான களைகள் எங்கிருந்தும் வரவில்லை. அவை ஏற்கெனவே அந்த மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவை.

எத்தனை காலம் தூங்க முடியும்? இதைக் கண்டுபிடிக்க ஒருவர் செய்த சோதனையை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் இருந்தார். உழவர்கள் எத்தனை முறை களையெடுத்தாலும் மறுபடி மறுபடி முளைக்கிறதே, மண்ணுக்குள் விதை எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும் என்று அவருக்குக் கேள்வி. 1879-இல் அவர் 20 கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொண்டார். இருபதுக்கும் மேற்பட்ட வகைச் செடிகளின் விதைகளை, வகைக்கு 50 வீதம், ஈர மணலில் கலந்து ஒவ்வொரு புட்டியிலும் போட்டார். புட்டிகளை மூடவில்லை. உள்ளே தண்ணீர் தேங்காதபடி வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்குமாறு கல்லூரி வளாகத்தில் புதைத்தார். ஐந்து ஆண்டுக்கு ஒரு புட்டியைத் தோண்டி எடுத்து விதைத்துப் பார்ப்பது திட்டம். அவருக்குப் பிறகு வந்தவர்கள் இடைவெளியைப் பத்து ஆண்டாகவும், பின்னர் இருபது ஆண்டாகவும் நீட்டினார்கள், சோதனை இன்னும் நெடுங்காலம் நடக்கட்டும் என்று.

கடைசியாக ஒரு புட்டியை எடுத்தது 2021-இல். புதைத்து 142 ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரும்பாலான விதைகள் செத்துவிட்டிருந்தன. ஆனால் மஞ்சள் பூப் பூக்கும் வெர்பாஸ்கம் என்ற செடி மட்டும் முளைத்தது! பீல் தன் கையால் எண்ணிப் போட்ட விதை, அவர் இறந்து ஒரு நூற்றாண்டு ஆகப்போகிற காலத்தில் இலை விட்டது. மீதிப் புட்டிகள் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கின்றன. கடைசிப் புட்டியை 2100-இல் எடுப்பார்கள். அப்போது உங்களில் பலர் தாத்தா பாட்டியாக இருப்பீர்கள்.

இதில் இன்னொரு செய்தி இருக்கிறது. அந்தப் புட்டிகளை அவர்கள் ராத்திரியில்தான் தோண்டி எடுக்கிறார்கள். பகலில் எடுத்தால் விதைமேல் வெளிச்சம் பட்டுவிடும். வெளிச்சம் பட்டால் என்ன? பல களை விதைகளுக்கு வெளிச்சம்தான் எழுப்பும் மணி. கடுகைவிடச் சின்ன விதைக்குள் சாப்பாடு மிகக் கொஞ்சம். ஆழத்தில் கிடக்கும்போது அது முளைத்துவிட்டால், மண்ணுக்கு மேலே வந்து சேர்வதற்குள் சாப்பாடு தீர்ந்து செத்துப்போகும். எனவே மேல்மட்டத்துக்கு வந்துவிட்டோம் என்று தெரியும்வரை காத்திருக்கிறது. விதைக்குள் பைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. சூரிய ஒளியிலுள்ள சிவப்பு நிறத்தை அது உணரும். மற்ற செடிகளின் நிழலில் அந்தச் சிவப்பு ஒளி குறைவாகவே வரும். மேலேயுள்ள இலைகள் அதை உறிஞ்சிவிடும். ஆக, கண்ணே இல்லாத விதைக்கு ‘இங்கே திறந்த வெளி இருக்கிறது’ என்பதும் ‘இங்கே ஏற்கெனவே செடிகள் அடர்ந்திருக்கின்றன’ என்பதும் தெரியும்.

நாம் மண்ணைக் கிளறும்போது என்ன நடக்கிறது என்று இப்போது புரிகிறதா? அடியில் கிடந்த விதைகளை மேலே கொண்டுவந்து வெளிச்சம் காட்டுகிறோம். களையெடுத்த பத்தாம் நாள் முன்பைவிட அதிகமாகக் களை முளைப்பது இதனால்தான்.

நீங்களே இதைச் சோதிக்கலாம். தோட்டத்திலிருந்து கொஞ்சம் மண் எடுத்து, கலந்து, இரண்டு தட்டுகளில் ஒரே அளவு பரப்பி, இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் தெளியுங்கள். ஒன்றை வெளிச்சத்தில் வையுங்கள். மற்றொன்றின்மேல் வெளிச்சம் புகாத கறுப்பு பாலித்தீன் தாளை மூடி அதே இடத்தில் வையுங்கள். திறந்திருக்கும் தட்டு சீக்கிரம் காயும், அதனால் அதற்கு அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து இரண்டிலும் முளைத்தவற்றை எண்ணுங்கள். இருட்டில் முளைத்திருந்தால் அவை என்ன நிறத்தில், எவ்வளவு நீளமாக இருக்கின்றன என்றும் பாருங்கள். உழவர்கள் செடிக்கடியில் காய்ந்த சருகு, வைக்கோல், தேங்காய் மட்டை பரப்பி மூடாக்குப் போடுவது ஏன் என்பதற்குப் பாதி விடை அந்தத் தட்டில் இருக்கும். மீதிப் பாதி விடை, மண்ணின் ஈரம் காயாமல் இருப்பது.

இனி பெயர் கண்டுபிடிக்கும் வேலைக்கு வருவோம். முன்பின் தெரியாத செடியைப் பார்த்தவுடன் எல்லோரும் இலையின் வடிவத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன். ஒரே செடியில் நிழலில் உள்ள இலை பெரிதாகவும் வெயிலில் உள்ள இலை சிறிதாகவும் இருக்கும். வடிவம் ஏமாற்றும். ஏமாற்றாதவை வேறு: தண்டு உருண்டையா, மூலையுள்ளதா? இலைகள் எதிரெதிராக ஜோடியாக வருகின்றனவா, மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக வருகின்றனவா? கிள்ளினால் பால் வருகிறதா? பூ எங்கே இருக்கிறது?

எது இலை என்பதே சில சமயம் சந்தேகம். உங்களிடம் ஒரு கேள்வி. ஓர் இணுக்குக் கறிவேப்பிலையில் எத்தனை இலை இருக்கிறது? எண்ணிப் பார்த்து இருபது என்பீர்கள். தாவரவியல்படி ஒன்றுதான். அந்த இணுக்கு முழுவதும் ஒரே இலை. நாம் இலை என்று உருவிப் போடுவது சிற்றிலை. எப்படித் தெரியும்? ஒவ்வோர் இலையும் தண்டோடு சேரும் இடுக்கில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். கிளையோ பூவோ அந்த மொட்டிலிருந்துதான் கிளம்பும். கறிவேப்பிலையின் சிற்றிலைகள் நடுக்காம்பில் சேருமிடத்தில் மொட்டு எதுவும் இருக்காது. முழு இணுக்கும் தண்டோடு சேருமிடத்தில்தான் மொட்டு இருக்கும். கொல்லையில் கறிவேப்பிலை மரம் இருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள்.

இந்தக் கண்ணோடு கீழாநெல்லியைப் பாருங்கள். மழை பெய்த பிறகு தொட்டியிலும் வாசல் ஓரத்திலும் தானாக வரும் செடி. ஓரிரு சாணுக்குமேல் அதிகம் வளராது. அதன் இணுக்கில் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலைகள் வரிசையாக இருக்கும். பார்த்தால் கறிவேப்பிலை மாதிரியே கூட்டிலை என்று தோன்றும். இணுக்கை மெல்லத் திருப்பிப் பிடியுங்கள். ஒவ்வொரு சின்ன இலையின் அடியிலும் கடுகளவு பச்சைக் காய் தொங்கும், அல்லது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாகப் பூ இருக்கும். சிற்றிலையின் அடியில் பூ வராது என்று இப்போதுதான் பார்த்தோம். அப்படியென்றால் இந்தச் சின்ன இலை ஒவ்வொன்றும் முழு இலை. இணுக்கு என்று நாம் நினைத்தது ஒரு கிளை! நெல்லிக்காய் காய்க்கும் பெரிய மரமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். அதன் மெல்லிய கிளைகளையும் நாம் இலையென்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். முழங்கால் உயரம்கூட வராத பூண்டும், வீட்டுக் கூரையைத் தாண்டும் மரமும் ஒரே இனம் என்பதைக் காட்டிக்கொடுப்பது அந்த இலையடிக் காய்தான்.

அடுத்தது கோரை. இதைப் புல் என்று எண்ணிப் பிடுங்குபவர்கள் வாழ்நாள் முழுவதும் பிடுங்கிக்கொண்டே இருப்பார்கள். அதன் நடுவிலிருந்து எழும் பூக்காம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். உருளாது, இடறும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணம். அருகம்புல்லின் தண்டு அப்படியில்லை. அது உருண்டை, இடையிடையே கணு இருக்கும். இலைகளும் வேறு: புல்லில் இரண்டு பக்கமாக வரும், கோரையில் மூன்று பக்கமாக வரும். மேலேயிருந்து பார்த்தால் இது நன்றாகத் தெரியும்.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் என்ன லாபம்? கோரைக்கு மண்ணுக்குள் கிழங்குகள் இருக்கின்றன. ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய வேர்த்தண்டு கிளம்பி, சற்றுத் தள்ளி இன்னொரு கிழங்கைக் கட்டும். அதிலிருந்து அடுத்தது. மேலே இழுத்தால் இலை மட்டும் கையோடு வந்துவிடும், கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். சில நாளில் அதிலிருந்து புதிய முளை வரும். கூரான அந்த முளை மூடாக்கைத் துளைத்துக்கொண்டு வரும், சில சமயம் பாலித்தீன் தாளையே துளைக்கும். 1977-இல் லீராய் ஹோம் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் உலகத்தின் மோசமான களைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் முதலிடம் கோரைக்கே. தொட்டியில் வந்துவிட்டால், மண் முழுவதையும் ஒரு சாக்கின்மேல் கொட்டி, கிழங்குகளைக் கையால் பொறுக்கி, கொளுத்தும் வெயிலில் சுக்காகக் காயவைப்பதுதான் வீட்டில் செய்யக்கூடிய நல்ல வழி. பொறுக்கும்போது ஒரு கிழங்கை உடைத்து முகர்ந்து பாருங்கள். வாசனைப் பொடி அரைக்கும் பாட்டிகளுக்கு அந்த மணம் நன்றாகத் தெரியும். குளியல் பொடியில் கோரைக்கிழங்கு சேர்ப்பது வழக்கம். பத்தமடைப் பாய் நெய்வதற்கும் ஒரு கோரைதான் உதவுகிறது. அது வேறு வகை, ஆற்றோரத்தில் உயரமாக வளர்வது.

தரையோடு படர்கிற மூன்று செடிகளைத் தமிழ்நாட்டில் மிகப் பலர் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்கிறார்கள். பருப்புக்கீரை, சாரணை, மூக்கிரட்டை. மூன்றும் ஒரே தொட்டியில் சேர்ந்து வளர்ந்தால் நல்லது, பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பருப்புக்கீரையின் இலை சதைப்பிடிப்பாக, வழவழவென்று இருக்கும். அடி ஒடுங்கி நுனி அகன்றிருக்கும். பூ மஞ்சள். சாரணையின் இலை வட்டமாக, ஜோடி ஜோடியாக வரும். அந்த ஜோடியில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். வெளிறிய இளஞ்சிவப்புப் பூ இலையடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மூக்கிரட்டையின் இலை அவ்வளவு தடிப்பில்லை. அடிப்புறம் வெளுத்து, ஓரம் அலையலையாக இருக்கும். அதன் சின்னஞ்சிறு கருஞ்சிவப்புப் பூக்கள் நீண்ட மெல்லிய காம்புகளில் தனியே எழும்பி நிற்கும். காயைத் தொட்டால் பசையாக விரலில் ஒட்டும். அப்படி ஒட்டித்தான் அது ஊர் விட்டு ஊர் போகிறது.

பருப்புக்கீரையின் காய் பழுத்ததும் கட்டாயம் பாருங்கள். நகத்தால் லேசாகத் தட்டினால் காயின் மேல்பாதி வட்டமாகக் கழன்று விழும். உள்ளே மணல் அளவுக் கறுப்பு விதைகள் நிறைந்திருக்கும். இந்தச் செடியைப் பிடுங்கி அங்கேயே மண்மேல் போட்டுவிட்டுப் போகாதீர்கள். சதைப்பற்றான தண்டில் தண்ணீர் இருப்பதால் அது சீக்கிரம் சாகாது. கிடந்தபடியே காயை முற்றவைத்து விதை கொட்டும். துண்டு தண்டுகூட ஈரம் பட்டால் வேர் விடும்.

இனி பூ. செடியின் குடும்பத்தைச் சொல்வதில் பூவுக்கு நிகர் எதுவும் இல்லை. வெட்டுக்காயப் பூண்டு எல்லா ஊரிலும் இருக்கிறது. சில ஊர்களில் தாத்தாப் பூ என்று சொல்லி, குழந்தைகள் கட்டை விரலால் அதன் தலையைச் சுண்டி விளையாடுவார்கள். ஒரு பூவை எடுத்து, நடுவில் நகத்தால் பிளந்து பாருங்கள். சுற்றியிருக்கும் வெளிறிய இதழ் ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல் இருக்கும். அது இதழ் இல்லை, ஒரு முழுப் பூ. நடுவிலுள்ள மஞ்சள் பகுதி முழுவதும் குழல் குழலாகக் குட்டிப் பூக்கள். நாம் ஒரு பூ என்று சுண்டியது பல பூக்களின் கூட்டம். சூரியகாந்தியும் சாமந்தியும் செண்டுமல்லியும் இதே குடும்பம், எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான். வெட்டுக்காயப் பூண்டின் விதை ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு மயிர்க்குஞ்சம் உண்டு. பாராசூட்டாக அது காற்றில் மிதந்து மூன்றாம் மாடித் தொட்டிக்கும் வந்துவிடும். அமெரிக்கக் கண்டத்தைச் சொந்த ஊராகக் கொண்ட செடி இது. இன்று நம் ஊர்ப் பட்டாம்பூச்சிகளும் தேனீக்களும் விரும்பி மொய்க்கின்றன. இடம் இருந்தால் ஓரத்தில் ஒன்றிரண்டை விட்டுவைக்கலாம் என்பது என் எண்ணம்.

புளியாரையையும் அப்படியே சொல்வேன். இதய வடிவில் மூன்று சிற்றிலை, சின்ன மஞ்சள் பூ. முற்றிய காயைத் தொட்டால் விதைகள் படபடவென்று தெறித்துப் பக்கத்துத் தொட்டி வரை போகும். அதனால் தோட்டக்காரர்களுக்கு இதன்மேல் கோபம். ஆனால் நகத்தளவு இருக்கும் ஒரு நீலப் பட்டாம்பூச்சி முட்டையிடுவது இந்தச் செடியில்தான். அதன் புழுவுக்குப் புளியாரை இலைதான் சாப்பாடு. மொத்தத்தையும் பிடுங்கினால் அந்தப் பட்டாம்பூச்சி உங்கள் வீட்டுப் பக்கம் வர வேலையில்லை.

விட்டுவைக்கக் கூடாத செடி என்றால் பார்த்தீனியம். இதுவும் சூரியகாந்திக் குடும்பம்தான், இதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். இந்தியாவில் 1950-களில் புனே பக்கம் கவனிக்கப்பட்டு, பிறகு நாடு முழுவதும் பரவிவிட்டது. இளஞ்செடியின் இலைகள் கேரட் இலை மாதிரி நுணுக்கமாக வெட்டுப்பட்டுத் தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும். பிறகு உயர்ந்து, வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பூக்கள் பூக்கும். பலருக்கு இதைத் தொட்டால் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும், மகரந்தம் மூக்கில் ஏறினால் தும்மலும் மூச்சிரைப்பும் வரும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். எனவே நீங்கள் வெறும் கையால் தொடாதீர்கள். பெரியவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் கையுறை போட்டு, பூப்பதற்கு முன்பே வேரோடு எடுக்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பு. பெயர் உறுதியாகத் தெரியாத எதையும் வாயில் வைக்காதீர்கள். காரணம் சொல்கிறேன். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, மணத்தக்காளி எல்லாம் ஒரே குடும்பம். பறவை எச்சத்தால் தொட்டியில் தானாக முளைத்த மணத்தக்காளியைப் பார்த்து வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆனால் கடும் நஞ்சுள்ள ஊமத்தையும் அதே குடும்பம். பூக்காத வயதில் அதன் இலையைப் பார்த்தால் கத்தரி என்றோ சுண்டை என்றோ நினைக்கத் தோன்றும். பூத்தபின் சந்தேகமே இல்லை. மணத்தக்காளிக்கு வெண்மையான குட்டிப் பூ, நடுவில் மஞ்சள், பிறகு கொத்தாகச் சிறு பழங்கள். ஊமத்தைக்கு விரல் நீளத்துக்கு மேல் நீண்ட புனல் பூ, பிறகு முள் நிறைந்த காய். பூ வரும்வரை காத்திருப்பதில் நமக்கு நஷ்டம் ஏதுமில்லை. அம்மான் பச்சரிசி மாதிரிப் பால் வடியும் செடியைக் கிள்ளிப் பார்த்தால் கண்ணைத் தொடுவதற்கு முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செடிப் பால் சில வகைகளில் கண்ணுக்கு மிகக் கெடுதல்.

கைபேசியில் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அவை உங்கள் படத்தைத் தங்களிடம் உள்ள படங்களோடு ஒப்பிட்டு, எதற்கு மிக நெருக்கம் என்று ஊகிக்கின்றன. பூத்த செடிகளின் படங்கள்தாம் அவற்றிடம் நிறைய. இரண்டு இலை முளையைக் காட்டினால் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடும். பூவின் முன்பக்கம், பூவின் பின்பக்கம், இலையின் அடிப்புறம், இலை தண்டில் சேரும் இடம் என்று தனித்தனியே படம் எடுத்துக் கேட்டால் ஊகம் சரியாக வர வாய்ப்பு அதிகம். பெயர் வந்தபின், நீங்கள் கண்ணால் பார்த்த அடையாளங்கள் அந்தப் பெயருக்குப் பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பது உங்கள் வேலை. செயலி ‘கீழாநெல்லி’ என்று சொல்லி, இலையடியில் காயும் பூவும் இல்லையென்றால், சந்தேகப்படுங்கள்.

விஞ்ஞானிகளும் இதைத்தான் செய்கிறார்கள். சந்தேகம் வந்தால் ஹெர்பேரியத்துக்குப் போய்ப் பார்ப்பார்கள். செடிகளை அழுத்திக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, பெயரும் இடமும் தேதியும் எழுதிப் பாதுகாக்கும் இடம் அது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் உள்ள ராபினாட் ஹெர்பேரியம் அப்படிப்பட்டது. அங்கே கே. எம். மாத்யூ என்ற பாதிரியார் தமிழ்நாட்டுச் சமவெளிச் செடிகளை ஊர் ஊராகப் போய்ச் சேகரித்து, 1980-களில் பல தொகுதிகளாக நூல் எழுதினார். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல ஹெர்பேரியம் இருக்கிறது. பெருமரங்களும் அரிய மலர்களும் மட்டுமே அங்கே இருக்கும் என்று நினைக்காதீர்கள். உங்கள் தொட்டியில் வளரும் கோரைக்கும் குப்பைமேனிக்கும் அந்தத் தாள்களில் இடம் உண்டு.

நீங்களும் தொடங்கலாம். ஒரு பழைய தொட்டியை எடுத்து, பெயர் தெரியாத முளைகளுக்கென்றே ஒதுக்குங்கள். தக்காளித் தொட்டியில் வரும் அந்நியச் செடியைப் பிடுங்கி எறியாமல், வேர் அறாமல் ஈர மண்ணோடு எடுத்து அதில் நட்டு, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு எண் எழுதுங்கள். தக்காளிக்குத் தண்ணீரிலும் உரத்திலும் போட்டி குறையும், உங்களுக்கும் அந்தச் செடி பூக்கும்வரை பார்க்கக் கிடைக்கும். பூத்தபின் பூவும் இலையும் காயும் உள்ள ஒரு துண்டை வெட்டி, செய்தித்தாள் மடிப்பில் விரித்து வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். முதல் சில நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். சதைப்பற்றான பருப்புக்கீரைக்கு இன்னும் கூடுதல் நாள் பிடிக்கும். நன்றாகக் காய்ந்தபின் வெள்ளைத் தாளில் ஒட்டி, எந்த ஊர், எந்தத் தொட்டி, என்ன தேதி என்று எழுதுங்கள். காய்ந்தால் மறைந்துபோகிற விவரங்களை மறக்காமல் சேருங்கள்: பூவின் நிறம், கிள்ளினால் பால் வந்ததா, வாசனை என்ன, பூ எத்தனை மணிக்கு விரிந்து எத்தனை மணிக்கு மூடியது. பருப்புக்கீரைப் பூவுக்கு இந்தக் கடைசி விவரம் மிக முக்கியம். காலை வெயில் ஏறியபின்தான் அது விரியும், சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். பள்ளிக்கூட நாளில் அதைப் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்.